முதல் டிக்கெட்

கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து காலையில் பதுளைக்கு இறங்கும் முதல் பஸ்ஸில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். பதுளை டவுன் யார் யார் கையால் ஓடுகிறது என்பது அதற்குள்ளேயே தெரிந்துவிடும். முன் சீட்டில் தோட்டத்துக் கோயில் தலைவர் இராமையா இருப்பார். அவருக்குப் பின்னால் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிறவர்கள். நடுவில் கார்மென்ட் பிள்ளைகள், காதில் பாட்டும் கண்ணில் தூக்கமுமாக. பின் சீட்டில் இளந்தாரிகள் கொஞ்சம், வல்லாரைக் கட்டும் மரக்கறிச் சாக்கும் மிச்சம். அந்தச் சாக்குகளின் சொந்தக்காரி சோமாவதி, பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து வந்து டவுன் சந்தையில் கீரை விற்கிறவர். கடைச் சந்தியில் மர்லியா டீச்சர் ஏறுவார். சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நௌபரின் மனைவி அவர், படிப்பிப்பது பதுளையில்.

நான் எங்காவது கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பஜார் வீதிப் புடவைக் கடை ஒன்றில் பகல் முழுக்க நின்று சேலை விரிக்கிறவளுக்கு பஸ்ஸில் மட்டும் சீட் எதற்கு என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள் போல. என்னை விட மூத்தவர்கள்கூட 'புடவைக்கடை அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லியும் பார்த்துவிட்டேன்.

நான் சொல்ல வந்தது என் கதையை அல்ல. இந்த பஸ்ஸின் கண்டக்டர் யசோதினியின் கதையை.

அவள் எங்கள் லயத்துப் பிள்ளை, அதே வரிசை வீடுகளில் வளர்ந்தவள். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கவுக்கு கார்மென்ட் வேலைக்குப் போனாள். அங்கேதான் சிங்களம் படித்தாள், மிஷின் பழகினாள், வாயாடவும் பழகினாள். அங்கேயே தினேஸைப் பார்த்துக் கல்யாணம் முடித்தாள். தினேஸுக்கு இப்போது கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கியதும், தோட்டத்திலேயே இருக்கும் நாத்தனார் வீட்டில் அதை விட்டுவிட்டு அவள் திரும்பவும் மிஷினுக்குப் போனாள். பொங்கலுக்கு வருவாள், சித்திரைக்கு வருவாள், தீபாவளிக்கு வருவாள். வரும்போது பை நிறைய விளையாட்டுச் சாமான் இருக்கும்.

போன வருடம் தீபாவளிக்கு வந்தபோது நானும் அந்த வீட்டில் இருந்தேன். மகள் விதுஷாவுக்கு அப்போது ஆறு வயது. தாய் வாசலில் செருப்பைக் கழற்றியதும் பிள்ளை ஓடிப்போய் பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இழுத்து வந்து போட்டது. "உக்காருங்க," என்றது. பிறகு தன்னை வளர்க்கிற மாமியைப் பார்த்து, "டீ ஊத்தட்டா?" என்று கேட்டது. எவ்வளவு நல்ல பழக்கம் என்று நாத்தனார் பெருமைப்பட்டாள். யசோதினி சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். டீயும் குடித்தாள். பின்பக்கம் தண்ணீர் விழும் பீலியடிக்குக் கிளாஸைக் கழுவப் போனவள் நெடுநேரம் வராததால் நான் போய்ப் பார்த்தேன். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"எம் புள்ள என்னைய விருந்தாளி கணக்கா கவனிக்குதுக்கா," என்றாள். "இதுக்கு மேல திரும்பிப் போக எனக்குக் கால் வராது."

போகவும் இல்லை. ஆனால் வீட்டில் இருந்தால் சோறு யார் போடுவது? கொழுந்து பறித்துப் பார்த்தாள். மிஷினில் உட்கார்ந்து பழகிய உடம்புக்கு மலை ஏறவில்லை. டவுன் கடைகளில் கேட்டாள். கடை பூட்டும் நேரத்தில் தோட்டத்துக்கு பஸ் கிடையாது; பழைய ஆள் என்பதால் என்னை மட்டும் முதலாளி முந்தி விடுவார். அப்படி இருக்கும்போதுதான் எங்கள் பஸ்ஸின் கண்டக்டர் கஜேந்திரனுக்குக் கட்டாருக்கு விசா வந்தது. இந்த பஸ் காலையில் தோட்டத்து ஃபெக்டரி வாசலில் புறப்பட்டு, பொழுது சாய அதே வாசலில் வந்து நிற்கும். அங்கிருந்து எங்கள் லயத்துக்கு ஒரு படிக்கட்டு. அவளுக்கென்றே செய்துவைத்த வேலை மாதிரி எனக்கும் பட்டது, அவளுக்கும் பட்டது.

பஸ் பதுளையில் இரும்புக்கடை வைத்திருக்கும் மொஹிதீன் ஹாஜியாருடையது. யசோதினி நேரே கடைக்குப் போய் நின்றாள்.

"பொம்புளப் புள்ள கண்டக்டரா?" என்றார் ஹாஜியார்.

"பஸ்ஸுல ஏறுறவங்கள்ல பாதிக்கு மேல பொம்பளைங்கதானே ஹாஜியார். டிக்கெட் கிழிக்க மட்டும் ஆம்பள வேணுமா?"

ஹாஜியார் பதில் தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. கண்டக்டர் ஆள் தேடியும் அவருக்கு அகப்பட்டிருக்கவில்லை. வேலைக்கு ஆகிற இளந்தாரிகள் எல்லாம் கொழும்பிலும் கட்டாரிலும் இருக்கிறார்கள். "சரி மகள், ஒரு மாசம் பாப்பம்," என்றார்.

முதல் நாள் பஸ்ஸில் எல்லாரும் அவளை ஏதோ படம் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் அது போய்விட்டது. கார்மென்ட் பிள்ளைகளின் மேல் வேண்டுமென்றே சாய்கிறவர்களுக்கு அவள் ஒரு பார்வை வைத்திருந்தாள். அதற்குப் பிறகும் சாய்ந்தால் பஸ் முழுக்கக் கேட்கும்படி, "அண்ணே, கம்பி அந்தப் பக்கம் இருக்கு," என்பாள். சோமாவதியின் சாக்கைத் தானே தூக்கி இறக்கிச் சந்தைப் பக்கத்துப் படியில் வைப்பாள். கீழே இறங்கி, முத்தியங்கன விகாரையின் வெள்ளைத் தாதுகோபம் தெரியத் தொடங்கியதும் பின்னால் தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்புவாள். பஸ் ஸ்டாண்டில் நின்று தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கூவுகிற அவள் குரல் என் கடை வரைக்கும் கேட்கும். டிரைவர் சுமனசேன, ஐம்பது வயசு மனிதர், யாரையும் இலேசில் பாராட்டாதவர். அவரே என்னிடம், "நம்ம நங்கி கெட்டிக்காரி, அக்கே," என்றார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை.

இனி அந்த வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடைச் சந்தி தாண்டியதும் கொண்டை ஊசி வளைவு ஒன்று வரும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் எட்டிப் பார்க்க முடியாத பள்ளம். மலைப்பக்கம் ஒரு மரத்தடியில் முனியாண்டி இருக்கிறார். சூலம், கல், ஓர் உண்டியல், அவ்வளவுதான். காலை முதல் பஸ் அங்கே நிற்க வேண்டும். கண்டக்டர் அன்றைய முதல் டிக்கெட் காசை எடுத்துக்கொண்டு இறங்கி உண்டியலில் போட்டு, சூடம் காட்டி, திருநீறு கொண்டுவர வேண்டும். வந்து ஸ்டியரிங்குக்கு ஒரு கீற்று, டிரைவருக்கு ஒரு கீற்று, கேட்கிறவர்களுக்கு ஒரு கீற்று. சுமனசேன கும்பிட்டுவிட்டுத்தான் கியர் போடுவார். பஸ்ஸுக்குச் சொந்தக்காரரான ஹாஜியார் இந்தக் காசைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கள் தோட்டத்து ரோட்டில் பஸ் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இது நடக்கிறது.

யசோதினியும் அப்படித்தான் செய்தாள். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குடுகுடுவென்று இறங்கிப் போய், திருநீற்றைக் கையில் பொத்திக்கொண்டு வருவாள்.

ஒரு நாள் காலை, நல்ல தூறல். வளைவு வந்தது. சுமனசேன வேகத்தைக் குறைத்தார். யசோதினி இரண்டு தரம் மணியடித்தாள். இரண்டு மணி என்றால் நிற்காமல் போ என்று அர்த்தம். சுமனசேன கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் டிக்கெட் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் நிற்காமல் போனது. எல்லாரும் ஜன்னல் வழியே பின்னால் போன சூலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் மறந்து போயிருக்கும். பாலத்தடிக்கு வந்ததும் முன் டயர் காற்றுப் போய்விட்டது.

எல்லாரும் மழையில் இறங்கி நின்றோம். கார்மென்ட் பிள்ளைகளுக்கு அன்றைய கொடுப்பனவு வெட்டு. எனக்கு முதலாளியின் முகம். இராமையா குடையை விரித்துக்கொண்டு யசோதினியிடம் வந்தார்.

"இன்னைக்கு ஏன் புள்ள கோயிலடியில நிக்கல?"

"மறந்துட்டேங்கய்யா."

"மறக்கிற காரியமா அது?"

சுமனசேன டயரைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "டயர் மொட்டை, ஐயா. போன மாசமே ஹாஜியார்ட்ட சொன்னது. முனியாண்டிக்கு டயரோட என்னா சண்டை?"

இராமையா அதைக் காதில் வாங்கவில்லை. "ஏன் நிக்கல, சொல்லு," என்று திரும்பவும் கேட்டார். யசோதினி நிமிரவில்லை. அப்போது ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற வயதான பெண் ஒருத்தி அவர் காதோரம் ஏதோ சொன்னாள். இராமையா தொண்டையைக் கனைத்தார். குடையை மாற்றிப் பிடித்தார். அந்தக் கனைப்பிலேயே அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது. பின் சீட்டு இளந்தாரிகளுக்கும் விளங்கிவிட்டது. ஒரு பெண் தன் வீட்டுக்குள்ளேயே மறைத்து வைக்கிற விஷயம், நடு ரோட்டில், மழையில், எல்லாருக்கும் நடுவில் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குடையைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. முனியாண்டிக்கு நாம் சாராயம் படைக்கிறோம், சுருட்டுப் படைக்கிறோம், சேவல் அறுக்கிறோம். இத்தனையும் ஏற்றுக்கொள்கிறவருக்கு இது ஒன்றுதானா ஆகாது?

ஆனால் இராமையாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது அவர் அலைந்த அலைச்சலால். முன்னொரு காலம் அந்த வளைவில் கொழுந்து லொறி ஒன்று உருண்டபோது, பள்ளத்தில் இறங்கி ஆட்களைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். வளைவைக் கண்டால் அவருக்கு உண்மையாகவே பயம்.

பயந்தவர் சும்மா இருக்கவில்லை. கோயில் கமிட்டியில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஹாஜியார் கடைக்குப் போய்விட்டார். மாதத்தில் சில நாள் கோயிலடியில் நிற்காத பஸ்ஸில் சனம் எப்படி நம்பி ஏறும், ஆண் கண்டக்டர் ஒருவரைப் போடுங்கள் என்று கேட்டார்கள். அன்று பகல் ஹாஜியார் யசோதினியைக் கூப்பிட்டு அதைச் சொன்னார். அவளுக்குப் பக்கத்தில் நானும் நின்றேன்.

"உங்கட வேலையில எனக்கு ஒரு குறையும் இல்ல மகள்," என்றார். "ஆனா இது உங்கட சாமி விஷயம். இதுக்குள்ள நான் வாய் வச்சா, ஹாஜியார் எங்கட கோயில்ல தலையிடுறார் எண்டு வேற கத வரும். மாசம் முடியட்டும். அதுக்குள்ள நீங்களும் அவங்களும் பேசி ஒரு வழிக்கு வாங்க. வரல்லயெண்டா நான் வேற ஆள் பாக்கத்தான் வேணும்."

நியாயமாகத்தான் பேசினார். அதனால் அவரோடு சண்டை போடவும் வழியில்லை.

பின்னேரம் பஸ் மலை ஏறும்போது யசோதினி என் பக்கத்தில் வந்து நின்றாள். மேலே போகும்போது கூட்டம் குறைவு. மர்லியா டீச்சர் எங்களுக்கு முன் சீட்டில் மடியில் கொப்பிகளை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார்.

"அந்த நாள்ல இறங்கிப் போன்னு யாரு சொன்னாலும் நான் போக மாட்டேன்க்கா," என்றாள். "அம்மா அப்பிடித்தான் வளத்திருக்கு. மனசு கேக்காது. அது எனக்குப் பிரச்சின இல்ல. ஆனா நான் இறங்காத அன்னைக்கு இந்த பஸ் முழுக்க எம் மூஞ்சையே பாத்துக்கிட்டு இருக்குமே. மாசா மாசம். அதத்தான் தாங்க முடியல."

நானே இறங்கிக் காசைப் போட்டுவிடுகிறேன் என்று சுமனசேன முன்னாலிருந்து குரல் கொடுத்தார். பிறகு அவரே யோசித்துவிட்டு, "ஹேண்ட் பிரேக்கை நம்பி நான் இறங்கினா, முனியாண்டிக்கு பஸ்ஸையே காணிக்க குடுத்த மாதிரி ஆகும்," என்றார். யசோதினி அன்று சிரித்தது அதற்கு மட்டும்தான். கட்டுநாயக்கவில் பழைய இடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தோழி ஒருத்தி சொன்னதையும் அவள் அன்றுதான் என்னிடம் சொன்னாள். எனக்கு அந்த பிளாஸ்டிக் கதிரை ஞாபகம் வந்தது.

நாலைந்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை. பஸ் வளைவில் வந்து நின்றது. நாங்கள் எல்லாரும் யசோதினியைப் பார்த்தோம். அவள் காசோடு இராமையாவிடம் போனாள்.

"ஐயா, இது முதல் டிக்கெட் காசு. இன்னைக்கு முதல் டிக்கெட் உங்களோடது. உங்க காசு, உங்க கையால போட்டாத்தானே சரி."

"அப்ப நீ?"

"நான் இறங்கல. இன்னைக்கு மட்டுமில்ல, இனி என்னைக்குமே இறங்கல. முதல் டிக்கெட் யாரோடதோ அவங்க போடட்டும். நான் வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுக்கிறேன்."

இறங்க முடிந்த நாளிலும் இறங்க மாட்டாள். அப்படியென்றால் இறங்காத நாளை யார் கண்டுபிடிப்பது? என் மரமண்டைக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. அவளுக்கு அந்தத் திருநீறு எவ்வளவு பிடிக்கும் என்றும் எனக்குத் தெரியும்.

இராமையா மறுக்க ஒரு காரணம் தேடினார். முனியாண்டிக்குக் காசு போட மாட்டேன் என்று கோயில் தலைவர் எப்படிச் சொல்வது? இறங்கினார். சாவதானமாகக் காசு போட்டு, சூடம் காட்டி, திருநீற்றோடு வந்து, சீட் சீட்டாக நின்று பூசிவிட்டார். கார்மென்ட் பிள்ளைகள் நேரத்தைப் பார்த்து நெளிந்தார்கள். அவருக்கு அன்று முகத்தில் ஒரு களை. அடுத்த நாள் முதல் டிக்கெட் தனக்கே கிடைக்க வேண்டும் என்று, சுமனசேன பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே வந்து ஃபெக்டரி வாசலில் நின்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை அவருக்குத் தடிமன், மூக்கு ஓயாமல் ஒழுகியது. பிந்தி வந்தார். முதல் டிக்கெட் தயானிக்குப் போய்விட்டது. அவள் கார்மென்ட்டில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, பத்தொன்பது வயது. வளைவில் பஸ் நின்று, யசோதினி காசை நீட்டியதும் தயானியின் முகம் வெளுத்துப்போனது.

"வேற யாராச்சும் போங்களேன்," என்றாள், குரலே எழும்பாமல்.

"ஏன், உங்களுக்கு என்னாச்சு?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். தெரிந்துகொண்டே கேட்டான். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். யசோதினி சட்டென்று காசை ஆஸ்பத்திரிக்காரர் ஒருவரின் கையில் திணித்து இறக்கிவிட்டாள். தயானி டவுன் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியபடியே வந்தாள்.

அன்று பின்னேரம் யசோதினி டிக்கெட் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கண்டக்டர் உட்காருவது நான் பார்த்தது அன்றுதான்.

"நான் தப்பிக்கிறதுக்காக அந்தப் புள்ளய மாட்டி விட்டுட்டேன்க்கா. பத்தொம்பது வயசுப் புள்ள. இப்பிடி ஒரு வேல எனக்கு வேணாம். மாசம் முடிய இன்னும் நாலஞ்சு நாளுதான். நானே ஹாஜியார்ட்ட சொல்லிட்டுப் போயிர்றேன்."

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. போகாமல் என்ன செய்வது என்று அவள் கேட்பாளே. முன் சீட்டில் மர்லியா டீச்சர் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனை ஒரே கொப்பியின் மேல் நெடுநேரம் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடைச் சந்தியில் எப்போதும்போல ஸலாம் சொல்லி இறங்கிப் போனார்.

மறுநாள் காலை எதிரில் நிற்பவர் தெரியாத மூடுபனி. நாங்கள் ஃபெக்டரி வாசலுக்கு வந்தபோது பஸ்ஸில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். மர்லியா டீச்சர். சந்தியில் நின்றால் பஸ் அவர் கடை வாசலிலேயே வந்து நிற்கும். அவர் அத்தனை ஏற்றத்தையும் நடந்து ஏறி வந்திருக்கிறார். அபாயாவின் விளிம்பு பனியில் நனைந்து கிடந்தது, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கையில் அன்றைய முதல் டிக்கெட்.

வளைவு வந்தது. பஸ் நின்றது. யசோதினிக்குக் காசை நீட்டவா வேண்டாமா என்று தெரியவில்லை.

"டீச்சர்... முதல் டிக்கெட் உங்களோடது," என்றாள் மெதுவாக.

டீச்சர் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "எனக்கு ஏலாது. எங்கட மார்க்கத்தில இது இல்ல. ஆனா என்னால உங்கட வழமை நிக்கவும் வேணாம். இராமையா ஐயா, என்ட இடத்துக்கு நீங்க போங்க. ஏன் எண்டு என்னக் கேக்க மாட்டீங்கதானே?"

"இதுல கேக்க என்ன டீச்சர் இருக்கு," என்றார் இராமையா, எழுந்து காசை வாங்கியபடி. "ஏலாதுன்னா ஏலாதுதான். காரணம் எதுக்கு?"

டீச்சர் அப்படியே பின் சீட்டுப் பக்கம் திரும்பினார். "ஐயா சொன்னது எல்லாருக்கும் கேட்டதா? ஏலாது எண்டா ஏலாது. காரணம் எதுக்கு? நேத்து கேட்ட தம்பி, உங்களுக்கும் கேட்டதா?"

தயானி ஜன்னலிலிருந்து திரும்பி டீச்சரைப் பார்த்தாள். இராமையா காசோடு படியில் நின்றுவிட்டார். தன் வாயாலேயே தான் சொன்னது எது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். டீச்சரைப் பார்த்தார், தயானியைப் பார்த்தார், யசோதினியைப் பார்த்தார். இறங்கிப் போனார். முனியாண்டிக்கு முன்னால் அன்று வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் நின்றார். திரும்பி வந்து திருநீற்றைச் சீட் சீட்டாகக் கொண்டு போகாமல் முன்னால் ஒரு தட்டில் வைத்துவிட்டு, "வேணுங்கிறவங்க எடுத்துக்கங்க," என்றார்.

அடுத்த நாள் முதல் டிக்கெட்டை நான் வாங்கினேன். அந்தத் தொல்லையெல்லாம் எனக்கு நின்று போய் வருடக்கணக்காகிறது. இருந்தும் வளைவில், "எனக்கு இன்னைக்கு ஏலாது," என்று சத்தமாகச் சொல்லிக் காசைப் பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்கடுத்த நாள் சோமாவதி, தானே இறங்கிப் போய் காசோடு ஒரு வல்லாரைக் கட்டையும் வைத்துவிட்டு வந்தார். "முனியாண்டிக்கு வல்லாரையா?" என்று இராமையா தலையில் கை வைத்தார். பின் சீட்டு இளந்தாரி ஒருவன் முதல் டிக்கெட் வாங்கிவிட்டு, நேற்றுக் கொஞ்சம் போட்டுவிட்டேன், ஏலாது என்று வழிந்தான். ஏலாதவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது யாருக்கு எதனால் ஏலாது என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது?

மாதம் முடிந்த அன்று பகல் நானும் யசோதினியும் ஹாஜியார் கடைக்குப் போனோம். உள்ளே இராமையா எங்களுக்கு முன்பே வந்து நின்றார்.

"இராமையா அண்ணன் ஒரு விஷயம் சொல்லிக்கொண்டிருக்கார்," என்றார் ஹாஜியார். "நீங்களே சொல்லுங்க அண்ணன்."

இராமையா எங்கள் முகத்தைப் பார்க்காமல் சுவரோரத்துப் பெயின்ட் டின்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆம்பள கண்டக்டர் வந்தா காச அவனே கொண்டு போய்ப் போட்டுருவான். அப்புறம் எங்களுக்கு என்ன வேல? பஸ்ஸுல எல்லாரும் இப்பப் பழகிட்டாங்க. இந்தப் புள்ளையே இருக்கட்டும்." போகிற போக்கில் வாசலில் நின்று, "டயர மட்டும் மாத்திப் போடுங்க ஹாஜியார்," என்றார்.

ஹாஜியார் டயரை மாற்றினார். யசோதினிக்கு வேலை நிரந்தரமானது. மர்லியா டீச்சர் வழக்கம்போலச் சந்தியில்தான் ஏறுகிறார். அந்த ஏற்றத்தை ஏன் நடந்து ஏறினீர்கள் என்று யசோதினி ஒரு நாள் கேட்டதற்கு, "டொக்டர் நடக்கச் சொன்னார்," என்றாராம். நோன்பு மாதத்தில் டீச்சருக்கென்று முன் சீட்டை யசோதினி பிடித்து வைப்பாள். அது எனக்காக ஒரு நாளும் நடக்காத காரியம். அடுத்த மாதம் அந்த நாட்கள் எப்போது வந்து எப்போது போயின என்று, பக்கத்திலேயே நிற்கிற எனக்கும் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சேலை கொடுப்பதற்காக அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கடைசி பஸ் இன்னும் வந்து சேரவில்லை. விதுஷா ஓடிப்போய் அந்த பிளாஸ்டிக் கதிரையை இழுத்து வந்து எனக்குப் போட்டாள். "உக்காருங்க," என்றாள், "டீ குடிக்கிறீங்களா?"

நான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது யசோதினி டிக்கெட் பையோடு வாசலில் செருப்பைக் கழற்றினாள். பிள்ளை தரையில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தவே இல்லை.

"அம்மா, என் அழிறப்பர எங்க வச்சீங்க? காலையில இருந்து தேடுறேன்," என்றது, கோபமாக.

யசோதினி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள், நான் உட்கார்ந்திருந்த கதிரையைப் பார்த்தாள். வாய்கொள்ளாமல் சிரித்தாள். பிறகு பையைத் தோளிலிருந்து இறக்காமலே பிள்ளையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியில் கையை விட்டு அழிறப்பரைத் தேடத் தொடங்கினாள்.